இழுத்துக் கட்டிய படகு

ரத்தினவேலுக்கும் செவந்திக்கும் அந்த ஆண்டு சித்திரையிலிருந்து ஒரு நாட்டுப்படகுதான் வீடு. மணமேல்குடிக்குத் தெற்கே, கடலில் போய்ச் சேரும் ஒரு சிறிய கால்வாயின் ஓரத்தில் அது கட்டிக் கிடந்தது. நடுவில் மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதன் அடியில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். மூன்றாவதாக ஒரு ஆள் வந்தால் ஒருவர் எழுந்து உட்கார வேண்டும். முன்பக்கம் மணல் நிரப்பிய தகரத்தின் மேல் அடுப்பு. பின்பக்கம், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் மண் நிரப்பிச் செவந்தி தண்டுக்கீரை விதைத்திருந்தாள்.

படகின் சொந்தக்காரன் ஜெபக்குமார் அந்தக் கீரையைப் பார்த்தபோதெல்லாம் சிரிப்பான்.

“கடல்ல வெள்ளாமை வச்ச மொத ஆளு நீங்கதான் மதினி. பட்டாவுக்கு எழுதிப் போடவா?”

“கேலி பண்ணுங்க தம்பி, பண்ணுங்க. நாளைக்கு ரெண்டு தண்டு குடுங்க மதினின்னு தூக்குவாளியோட வருவீங்கள்ல, அப்ப பேசிக்கிறேன்.”

அவன் வரவும் செய்தான். கீரை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் அதே தூக்குவாளியில் மீன் கொண்டுவந்து வைத்தான்.

அவர்கள் இருவரும் கடல்புறத்து ஆட்கள் அல்ல. அன்னவாசல் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்துப் பிழைத்தவர்கள். மழை ஏமாற்றியது, போர்வெல் போட்டார்கள், புழுதிதான் வந்தது. காடு கையை விட்டுப் போன பிறகு, இந்தக் கால்வாய் ஓரத்து இறால் பண்ணைக்குக் காவல் வேலைக்கு வந்தார்கள். இறாலுக்கு நோய் விழுந்து பண்ணையையும் மூடினார்கள். தங்கியிருந்த அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்ட அன்று, இரண்டு மூட்டைகளோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்கள் வந்தன, போயின. எந்தப் பஸ்ஸிலும் அவர்கள் ஏறவில்லை. டீக்கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபக்குமார் எழுந்து வந்து, “எங்கண்ணே போகணும்?” என்று கேட்டான். ரத்தினவேல் மூட்டைகளைப் பார்த்தார். ஜெபக்குமார், “என் படகு சும்மாதான் கெடக்கு. எஞ்சின் ஒடஞ்சு கழட்டி வச்சிருக்கேன். ஒரு வழி பொறக்கற வரைக்கும் அதுல இருந்துக்கங்களேன்” என்றான்.

இப்படி ஒரு வார்த்தை சொல்ல மனிதனுக்குப் பெரிய செல்வம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறவர்கள் குறைவு. ஜெபக்குமாருக்கு அதனால் பேச்சு கேட்க வேண்டியிருந்தது. அவனுடைய மீனவக் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. தொழிலுக்குப் போகும் படகில் பெண்ணை ஏற்றினால் படகுக்கு ஆகாது என்பது அவர்கள் வழிவழியாக நம்பி வந்தது. அவனுடைய சித்தப்பா பிச்சைமுத்து கால்வாய்க் கரைக்கே வந்து சத்தம் போட்டார்.

“ஏலேய், படகு என்ன சத்திரமா? பொம்பள அதுல ஒல வக்கிறா, குளிக்கிறா, சீலைய காயப் போடுறா! நாளைக்கு இத கடலுக்கு எறக்குனா வெளங்குமா?”

“மாதாவும் பொம்பளதான சித்தப்பா? அவுங்க படத்த முன்னால ஒட்டித்தான நீங்களும் தொழிலுக்குப் போறீங்க?”

“வாயப் பாரு. ஒங்க ஆத்தாகிட்ட இருந்து வந்த வாயி.”

அன்று அதோடு போயிற்று. செவந்தி மட்டும் அந்தப் பேச்சை மறக்கவில்லை. அதற்குப் பிறகு, படகின் முன்புறம் ஒட்டியிருந்த மாதா படத்துக்கு முன்னால் தினமும் ஒரு சின்ன விளக்கு ஏற்றினாள். தங்கள் ஊர்க் கருப்பரிடம் வேண்டுவதுபோலவே வேண்டினாள். ‘என்னால இந்தப் படகுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது தாயே.’ அவளுடைய வேண்டுதல் முழுவதும் அவ்வளவுதான். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் எஞ்சின் வந்தது. ஜெபக்குமார் இத்தனை மாதமும் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போய், கைகால் வீங்கத் திரும்பி வந்தது அதற்காகத்தான். மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தான். அது முதல் தடவை உறுமிப் புகை விட்டபோது ஜெபக்குமார் குழந்தைபோலக் கை தட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளிப்பார், படகு கடலுக்குப் போகும் என்று ஏற்பாடு. பகலில் படகு தொழிலுக்குப் போய்வரும், பொழுது சாய்ந்தால் அவர்கள் படுத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லியிருந்தான். கூடிய சீக்கிரம் பிச்சைமுத்துவிடம் சொல்லிக் குப்பத்தின் ஓரத்தில் ஒரு குடிசைக்கு இடம் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் சாமான் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனான்.

அன்று காலையிலிருந்தே காற்று இல்லை. கால்வாய்த் தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. மதியம் சாப்பிட்டு முடித்தபோது தென்கிழக்கில் வானம் செம்பு நிறமாகி, பிறகு கறுத்தது. புயல் என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோவிலும் சாதாரண மழை என்றுதான் சொன்னார்கள். குப்பத்துப் படகுகள் எல்லாம் தெற்கே வெகுதூரத்தில், பெரிய முகத்துவாரத்தில் நின்றன. இந்தக் கால்வாயில் ஜெபக்குமாரின் படகு ஒன்றுதான்.

ரத்தினவேலின் போன் அடித்தது. பஸ் சத்தத்தின் நடுவே ஜெபக்குமார் பேசினான்.

“அண்ணே, கடல்பக்கம் கறுத்துக் கெடக்குன்னு சித்தப்பா சொன்னாரு. காத்து வந்தாலும் வரும். படகப் பாத்துக்கங்க. ரொம்ப வலுத்துச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் இறால் பண்ண ஷெட்டுக்குப் போயிருங்கண்ணே.”

“நீங்க கவலப்படாம வாங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்.”

“மதினிய மொதல்ல எறக்கி விடுங்க.”

“சரிங்க தம்பி.”

கயிற்றைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. காற்றடித்தால் படகுக்குக் கயிறு நீளமாக விட வேண்டும் என்பது அவனுடைய குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நீளமாக விட்டால் தண்ணீர் ஏறும்போது படகும் ஏறும், இறங்கும்போது இறங்கும். நமக்கு மூச்சு விடுவதுபோல் தெரிந்த ஒன்றை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய இழப்புகள் சில இந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

ரத்தினவேல் எழுந்து படகைப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கயிறு, கரையில் நட்டிருந்த இரண்டு பனந்துண்டு முளைகளில் தளர்வாகக் கட்டியிருந்தது. படகு கரையை விட்டுத் தள்ளி மிதந்தது. முதல் காற்று வந்து மோதியதும் அது கயிற்றின் நீளத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடியது.

அவருக்கு அது மிரண்ட மாடுபோலத் தெரிந்தது.

காட்டிலே மாடு வைத்திருந்த காலத்தில், இடி மழை வந்தால் அவர் முதலில் செய்வது மாட்டை இழுத்துக் கட்டுவதுதான். கயிறு நீளமாக இருந்தால் மிரண்ட மாடு ஓடி வேலியில் மோதும், கொம்பை முறித்துக்கொள்ளும், கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் முளையின் அடியில், தரையோடு தரையாக, மூக்கு முளையைத் தொடும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிவிட்டால் மாடு நடுங்கிக்கொண்டு நிற்கும், ஆனால் பத்திரமாக நிற்கும். முப்பது வருடம் அவர் கை செய்த வேலை அது.

“செவந்தி, எறங்கி வா. இத இழுத்துக் கட்டணும்.”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன். இம்புட்டுக் கயிறு விட்டு வச்சிருந்தா எங்கிட்டாவது முட்டி ஒடச்சுக்கிராதா?”

இருவரும் கரையில் இறங்கி, கால்களை மண்ணில் ஊன்றிக் கயிற்றை இழுத்தார்கள். எஞ்சின் ஏறிய படகு கனத்தது. செவந்தியின் உள்ளங்கை தோல் உரிந்தது. படகின் விலா கரையோடு வந்து ஒட்டியதும் ரத்தினவேல் குனிந்து முளையின் அடியில் கயிற்றைச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டார். பின்கயிற்றையும் அப்படியே கட்டினார். போதாது என்று மூட்டையிலிருந்த பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்து முன்பக்கம் இன்னொரு கட்டும் போட்டார்.

“இனிமே எமனே வந்து இழுத்தாலும் வராது” என்றார்.

“போதும், நல்ல வார்த்தையா சொல்லுங்க” என்றாள் செவந்தி.

அவளைப் பண்ணை ஷெட்டுக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை.

“நீங்க?”

“நான் படகுல இருக்கேன். நம்பி விட்டுட்டுப் போயிருக்கு அந்தப் புள்ள.”

“அப்ப நானும் இருக்கேன். ஒங்கள விட்டுட்டு அந்த ஓட்ட ஷெட்டுல தனியா உக்காந்து நான் யாரு மூஞ்சியப் பாக்குறது?”

மழை வந்தபோது அது மேலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து, கடலிலிருந்து, கல்லை வாரி எறிவதுபோல வந்தது. தார்ப்பாய் ஒரு தடவை உப்பி, கிழிந்து, மூங்கிலோடு பறந்து போயிற்று. அடுப்பு உருண்டது. கீரைப் பெட்டியைக் காற்று தூக்கித் தண்ணீரில் போட்டது. அது கொஞ்ச தூரம் ஒரு சின்னத் தோட்டம்போல மிதந்து, கவிழ்ந்தது. இருவரும் எஞ்சின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்கள். படகு அசையவில்லை. நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ரத்தினவேலுக்கு மனதில் ஒரு நிம்மதி இருந்தது. கட்டியது நின்றுகொண்டிருக்கிறது.

பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது.

கடல் கால்வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் ஏறுவதுபோல மெதுவாக அல்ல. கதவைத் திறந்து விட்டதுபோல வந்தது. கரையின் புல் மூழ்கியது. முளைகளின் அடி மூழ்கியது, முடிச்சுகள் தண்ணீருக்குள் போயின. மிதக்க வேண்டிய படகு மிதக்கவில்லை. கரைப்பக்க விலா கீழே கீழே சாய்ந்தது. கயிறுகள் படகைத் தண்ணீருக்குள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

“ஏங்க, தண்ணி உள்ள வருது! ஏங்க!”

செவந்தி சோற்றுப் பானையை எடுத்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். அவள் ஒரு பானை ஊற்றுவதற்குள் பத்துப் பானை உள்ளே வந்தது. அப்போதுதான் ரத்தினவேலுக்குப் புரிந்தது. யாரும் சொல்லாமல், ஒரே நொடியில், முழுவதும் புரிந்தது. இது மாடு அல்ல. மாட்டுக்கு அடியில் தரை ஏறுவதில்லை.

தண்ணீரில் குதித்து முளையைத் தேடினார். மார்பளவுத் தண்ணீரில் மூச்சை அடக்கி முங்கி, முடிச்சைக் கையால் தடவினார். நனைந்து, படகின் முழு எடையும் இழுக்க, அது கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு அசையவில்லை. “கருப்பா, மாதாவே, யாராவது” என்று வாய்விட்டுக் கத்தினார். மேலே வந்து, “அருவாள எடு செவந்தி!” என்றார்.

விறகு வெட்டும் அரிவாளை அவள் நீட்டினாள். படகைப் பிடித்து ஏறிப் பின்கயிற்றை வெட்டினார். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. கயிறு அறுந்து சாட்டைபோல அவர் தோளில் அடித்தது. விடுபட்ட பின்பக்கம் சுழன்றது. முன்பக்கம் மட்டும் கட்டுண்டிருக்க, படகு முழுவதும் அந்த முனையில் முறுக்கிக்கொண்டது. உள்ளே எங்கோ பலகை விட்டுப் போகும் சத்தம், எலும்பு முறிவதுபோலக் கேட்டது. அவர் முன்னால் தவழ்ந்து போய் முன்கயிற்றையும் கிணற்றுக் கயிற்றையும் வெட்டினார்.

படகு விடுதலையானது. ஆனால் அதற்குள் விளிம்புவரை தண்ணீர். எஞ்சினின் கனம் ஒரு பக்கம் இழுக்க, அது மெதுவாக, களைத்துப்போன உயிர் படுப்பதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்தது. இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். ரத்தினவேலின் கையில் செவந்தியின் சேலை முந்தானை சிக்கியது. அதை விடவில்லை. வெள்ளம் அவர்களைப் பண்ணைக் கரையில் கொண்டுபோய் மோதியது. அங்கே கடல்நீர் உறிஞ்ச வைத்திருந்த பழைய இரும்புக் குழாய் ஒன்று கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கண் முன்னாலேயே படகு பண்ணையின் சிமெண்ட் மதகில் போய் மோதியது. முதல் மோதலில் நின்றது. இரண்டாவதில் முதுகு முறிந்தது.

“பாக்காதீங்க” என்றாள் செவந்தி. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காற்று எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. மழை தூறலாகி நின்றது. வந்த தண்ணீர் சேற்றையும் குப்பையையும் விட்டுவிட்டுத் திரும்பியது. மதகில் பாதிப் படகு சொருகி நின்றது. மற்றப் பாதி தண்ணீரோடு போய்விட்டது. எஞ்சின் எங்கே என்றே தெரியவில்லை. மாதா படம் ஒட்டியிருந்த பலகையும் இல்லை.

இருவரும் மேற்கூரை பறந்துபோன ஷெட்டின் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். செவந்தியின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. ரத்தினவேல் தன் துண்டைப் பிழிந்து அவள் தோளில் போட்டார். ஈரத் துண்டு, அதனால் ஒரு பயனும் இல்லை. அவள் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சாகாமல் தப்பியது ஒரு பெரிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தங்களுடைய காடு போனபோதுகூட ரத்தினவேல் இப்படி உட்கார்ந்ததில்லை. அது மழையோடும் மண்ணோடும் போன கணக்கு. யாருக்கும் அவர் தீங்கு செய்யவில்லை. இது வேறு. தெருவில் நின்றபோது கூப்பிட்டு இடம் கொடுத்தவனின் சோற்றை, தன் கையாலேயே, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தண்ணீரில் அமுக்கிவிட்டார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு வழி இருக்கும். அன்போடு செய்த அழிவுக்கு எந்தக் கோயிலில் போய் நிற்பது?

தண்ணீர் வடிய, முளைகள் வெளியே வந்தன. அடியில் கட்டிய முடிச்சுகளும் வெட்டுப்பட்ட கயிற்று முனைகளும் தெரிந்தன.

செவந்தி அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த மொளைய புடுங்கிச் சேத்துல போட்டுருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“காத்து பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு சொல்லுவோம். யாரு பாத்தா? தம்பிக்கும் மனசு ஆறும். நாம கெடுத்தோம்னு தெரிஞ்சா அவரு மனசு ரெண்டு தடவ சாகும்ங்க.”

அவள் சொன்னதில் கருணையும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ரத்தினவேல் எழுந்து முளை வரை நடந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்தார். சேறு இளகியிருந்தது, ஆட்டினால் வந்துவிடும். பிடித்தபடியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிடுங்கவும் இல்லை, பிடுங்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது ஜெபக்குமாரும் பிச்சைமுத்துவும் கரை வழியாக வந்தார்கள். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஜெபக்குமார் நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். காலில் செருப்பு இல்லை.

“அண்ணே! மதினி! ரெண்டு பேரும் இருக்கீங்களா?”

“இருக்கோம் தம்பி.”

“ஆண்டவரே” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் திரும்பி மதகைப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

பிச்சைமுத்து மதகுவரை போய்ப் பாதிப் படகைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கோபம் அவருக்கு அழுகையை மறைக்க உதவியது.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல? படகுல பொம்பளைய குடி வக்காத, குடி வக்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல? இந்தா, எறங்கறதுக்கு முன்னாடியே கடலு முழுங்கிருச்சு பாரு. குப்பத்துல ஒரு படகு போகல. ஒம்படகு மட்டும் எப்படிரா போச்சு?”

இதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஜெபக்குமார் ஏதாவது சொல்லிச் சித்தப்பாவின் வாயை அடைத்திருக்கிறான். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிச் செவந்தியைப் பார்த்தான். அவ்வளவுதான். அதுவரை அவன் கண்ணில் இல்லாத ஒரு சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. செவந்தி தலையைக் குனிந்து, தன்னையே சுருட்டிக்கொள்வதுபோல ஈரத் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். தன்னால்தான் இருக்குமோ என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

ரத்தினவேல் எழுந்தார்.

“அவளால இல்ல தம்பி. நான்தான். மாட்டக் கட்டுற மாதிரி மொளையோட அடியில இழுத்துக் கட்டிட்டேன். தண்ணி ஏறயில படகு ஏற முடியல. அவுக்கப் பாத்தேன், முடியல. வெட்டி விடறதுக்குள்ள தண்ணி ரொம்பிருச்சு. அந்தா பாருங்க, கயிறு கெடக்கு.”

“நானுந்தான் இழுத்தேன்” என்றாள் செவந்தி தரையைப் பார்த்துக்கொண்டே.

ஜெபக்குமார் முளை வரை நொண்டி நொண்டிப் போனான். முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். முடிச்சுக்கு மேல் முடிச்சு. எவ்வளவு அக்கறையாகப் போட்ட முடிச்சுகள் என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

“மாடாண்ணே அது?”

ரத்தினவேல் தலையைக் குனிந்தார்.

“சொல்லுங்க! மாடா? தண்ணியில கெடக்கறத தரையோட கட்டுவாங்களா? ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன? கயித்த என்ன பண்ணட்டும் தம்பின்னு ஒரு வார்த்த! எட்டு மாசம் அடுத்தவன் படகுல செத்தேன்ணே. எஞ்சின் போட்டு ஒரு தடவ கடல பாக்கல அது!” முடிச்சிலிருந்து கையை எடுத்தான். “போங்க. எங்கயாவது போயிருங்க. நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்கு என்ன பேசறோம்னே தெரியல.”

பிச்சைமுத்து செவந்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெபக்குமார் கரையின் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பெரிய ஆண்பிள்ளை அப்படி அழும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

“வா புள்ள” என்றார் ரத்தினவேல்.

எடுத்துக்கொள்ள மூட்டை எதுவும் இல்லை. எங்கே போவது என்றும் தெரியாது. கரை வழியே பத்தடி நடந்தார்கள். செவந்தி நின்றாள். ஜெபக்குமார் வந்த வழியில், ஈரச் சேற்றில், அவனுடைய ஒவ்வொரு இடது காலடியிலும் இரத்தம் தேங்கியிருந்தது. ரோட்டிலிருந்து இங்கே வரும் பாதை முழுக்கச் சீமைக்கருவேல மரங்கள் சாய்ந்து கிடந்திருக்க வேண்டும். செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டிருக்கும். மரங்களுக்கு நடுவே, முள்ளின் மேல், இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க ஓடி வந்திருக்கிறான்.

அவள் திரும்பி நடந்தாள். “எங்க போற?” என்று ரத்தினவேல் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. ஜெபக்குமாரின் முன்னால் உட்கார்ந்து, தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, வாயில் வைத்துத் துடைத்தாள்.

“காலக் குடுங்க தம்பி.”

அவன் நிமிரவில்லை. “போங்க மதினி. எனக்கு எதுவும் வேணாம்.”

“போறோம். இந்த முள்ள எடுத்துட்டுப் போறோம். உள்ள ஒடஞ்சிருக்கு, சீழ் வச்சுரும்.”

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, சேற்றை முந்தானையால் துடைத்தாள். குதிகாலுக்கு மேலே முள் ஆழமாக இறங்கி, தோலுக்குள் முறிந்திருந்தது. தோல் உரிந்த தன் கையால் ஊக்கைப் பிடித்து, மெல்லக் கிளறத் தொடங்கினாள். அவன் பல்லைக் கடித்தான்.

“வலிக்குதா?”

“ம்.”

“கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு முள்ளின் முனை சரியாகத் தெரியவில்லை. குனிந்து குனிந்து பார்த்தாள். பிச்சைமுத்து சற்று நேரம் தள்ளி நின்றார். பிறகு செருமிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, அவள் கைக்கு நேராகப் பிடித்தார்.

“இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு” என்றாள் செவந்தி.

அவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.